பச்சை ஒயர்

கரண்டு இல்லாத நேரத்தில் தனக்கு ஷாக் அடித்தது என்று ஜெயராணி சொன்னதைப் புவனகிரியில் ஒருத்தரும் நம்பவில்லை. நம்பும்படியாகவும் அது இல்லை.

ஐப்பசி அடைமழை நாலைந்து நாளாக விடாமல் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அது நடந்தது. ஷமீனாவின் வீட்டுக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட சமையல் கொட்டகை. அங்கேதான் தினமும் சாயங்காலத்துக்குள் இடியாப்பம் அவித்து, சிதம்பரத்தில் ஒரு மாணவர் விடுதிக்கும் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடைகளுக்கும் அனுப்புவார்கள். ஷமீனா தேங்காய் துருவ உள்ளே போயிருந்தாள். அவளிடம் வேலை செய்யும் ஜெயராணி மாவு பிசையும் மெஷினில் அரிசி மாவைக் கொட்டி, கொதிதண்ணீரைப் பார்த்துப் பார்த்து ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் கை பட்டால்தான் மாவு விரிசல் விடாமல் வரும் என்று ஷமீனாவுக்குத் தெரியும். மெஷின் பாதியில் நின்றது. தலைக்கு மேலே இருந்த பல்பும் அணைந்தது. மாவு ஆறினால் கல்லாகிவிடும். ஜெயராணி ரெண்டு கையையும் மெஷினின் எவர்சில்வர் குண்டானுக்குள் விட்டாள். விட்ட வேகத்தில் சுவரோரம் போய் விழுந்தாள். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் மோதி வலது மணிக்கட்டு முறிந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த ஷமீனா முதலில் கொட்டகையின் மெயினைத் தட்டிவிட்டுத்தான் அவளைத் தூக்கினாள். அதனால் அந்த நேரத்தில் அங்கே கரண்டு இருந்ததா இல்லையா என்று பார்க்க முடியாமல் போய்விட்டது. ஆனால் அவள் மாமியார் ஜொஹரா பீவி வீட்டுக்குள் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து லுஹர் தொழுகைக்குப் பிறகு தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தவர். அவர் அடித்துச் சொன்னார்.

“வூட்டுக்குள்ள ஃபேன் ஓடிக்கிட்டுதானே இருந்துது? கரண்டு எங்க போச்சு? ஈரக்கையோட சுவிட்ச தொட்டிருப்பா. தொடாதடின்னு நான் எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன்.”

“பெரியம்மா, சத்தியமா நான் சுவிட்ச தொடல. கரண்டு போச்சேன்னு மாவ அள்ளத்தான் கைய வெச்சேன்.”

“கரண்டு போனப்புறம் ஷாக்கு எங்கேர்ந்துடி வரும்? வானத்துலேர்ந்தா?”

ஆட்டோ வருவதற்குள் தெருவில் கூடிவிட்ட பத்துப் பேர் முன்னால் நடந்த பேச்சு இது. ஜெயராணி முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். கொட்டகை மெயினை மறுபடி போட்டுப் பார்த்தபோது ஒன்றும் எரியவில்லை. மறுநாள் தெருமுனை வயர்மேன் கூரையில் ஏறி, ஒயர் உள்ளே நுழையும் இடத்தில் விட்டுப்போயிருந்த ஜாயிண்டை முறுக்கிச் சுற்றினான். ஷாக் அடித்த வேகத்தில் ஜாயிண்டு விட்டுப்போச்சு என்றான். அதையும் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

கட்டுப் போட்ட கையோடு ஜெயராணி வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். கூட வேலை செய்த ரெண்டு பெண்கள் அந்தக் கொட்டகைக்குள் கால் வைக்கமாட்டோம் என்று நின்றுகொண்டார்கள். ஷமீனா தனியாளாக மாவு பிசைந்து, புழிந்து, அவித்து, விடுதிக்கு மட்டும் எப்படியோ ஒப்பேற்றினாள். தோள்பட்டை இரவெல்லாம் வலித்தது. ஷார்ஜாவிலிருந்து புருஷன் ஆசிக் போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஊருக்கு வந்த ஒரு சிநேகிதர் கையில் மூன்று சென்சார் சுவிட்சுகளைக் கொடுத்தனுப்பினான். பளபளவென்று இரும்புத் தகடு போட்டவை. நடுவில் பாதிக் கோழிமுட்டையைப்போல ஒரு வெள்ளைக் குமிழ்.

“ஆள் உள்ள வந்தா தானா லைட்டு எரியும், ஆள் இல்லன்னா தானா அணைஞ்சிடும். யாரும் சுவிட்ச தொடவே வேணாம் பாரு. ஈரக்கை பிரச்சனையே இல்ல,” என்றான் ஆசிக். “ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க. ரெண்டு ஒயரோட ஒரு பச்சை ஒயரும் இருக்கும். அத கண்டிப்பா எர்த்துல குடுக்கணும். குடுக்கலன்னா இந்த மாடலு சரியா வேலையே செய்யாது. அதோட மூஞ்சி இரும்பு வேற.”

“ரிஸ்வான் அண்ணன்தானே மாட்டப்போவுது. அதுக்குத் தெரியாததா?” என்றாள் ஷமீனா.

அவள் குரலில் இருந்த பெருமை ஆசிக்குக்குப் பழகிப்போனது. ரிஸ்வான் அவளுக்கு ஏழு வயது மூத்தவன். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சொந்தமாக எலக்ட்ரிகல் கடை வைத்திருந்தான். வாப்பா மௌத்தாகிக் குடும்பம் தன் தலையில் விழுந்த பிறகு வயரிங் வேலைக்குப் போய்த்தான் இவளைப் படிக்க வைத்தான், கட்டிக் கொடுத்தான். பள்ளிக்கூடம் லீவு என்றால் இவளும் கூடப் போவாள். டார்ச் பிடிப்பதும் டெஸ்டர் எடுத்துக் கொடுப்பதும் இவள் வேலை. சிவப்பு கரண்டு கொண்டுவரும், கருப்பு திருப்பிக்கொண்டு போகும், பச்சை ஆபத்துக்கு மண்ணுக்குள் ஓடிப்போகும் வழி என்று அவன்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். இந்தக் கொட்டகை கட்டியபோது வேறு யாரையும் ஒயரைத் தொடவிடாமல் முழு வயரிங்கையும் தங்கச்சிக்குத் தன் சீராக அவனே செய்து கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தூறலில் நனைந்தபடி ரிஸ்வான் பைக்கில் வந்து இறங்கினான். ஜொஹரா பீவி சுடச்சுட இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் வைத்தார். அவன் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து, “மெதுவா தம்பி, கடலூர்ல சோறே போடறதில்லியா?” என்று சிரித்தார்.

“கடையில பையன் மட்டுந்தான் இருக்கான் மாமி. இத மாட்டிட்டு ஓடணும். அர மணி வேல.”

அவன் கொட்டகைக்குள் போய், மெயினை அணைத்துவிட்டு, மெஷினுக்கு மேலே இருந்த சுவிட்சுப் பலகையைக் கழற்றினான். வானம் மூடிக்கிடந்ததால் உள்ளே இருட்டு. ஷமீனா பழைய வழக்கப்படி டார்ச்சைப் பிடித்தாள். வெளிச்சம் அவன் விரல்களுக்குப் பின்னாலேயே போயிற்று. லைட்டு சுவிட்சை எடுத்துவிட்டு சென்சாரின் ரெண்டு ஒயரையும் மாட்டினான். மூன்றாவதான பச்சை ஒயரைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றான். பிறகு கட்டரை எடுத்தான்.

“என்னாண்ணே பண்ற?”

“இது தேவையில்ல. வெட்டிவுட்டுடறன்.”

“எர்த்துல குடுக்கணும்னு அவுங்க சொன்னாங்களே.”

“மச்சானுக்கு என்னா தெரியும்? அவரு சூப்பர்மார்க்கெட்ல பில்லு போடறவரு.”

“குடுக்கலன்னா வேலை செய்யாதாம்.”

ரிஸ்வான் கட்டரைக் கீழே வைத்தான். “சரி, அப்ப இங்க குடுத்துடறன்,” என்று பக்கத்து மூணு முள் சாக்கெட்டின் பின்புறம் கையைக் கொண்டுபோனான். மாவு மெஷின் சொருகும் சாக்கெட் அது. அவன் உள்ளங்கை குறுக்கே வந்து டார்ச் வெளிச்சத்தை மறைத்தது. ஷமீனா டார்ச்சைச் சாய்த்தாள். அவன் கையும் சாய்ந்தது. இன்னொரு பக்கம் சாய்த்தாள். இந்தத் தடவை தெரிந்தது. சாக்கெட்டின் எர்த்து முனைக்கு எங்கிருந்தும் பச்சை ஒயர் வரவில்லை. அந்த முனையிலிருந்து ஒரு விரல்கடை நீளத்துக்குத் துண்டு ஒயர் ஒன்று, கருப்பு ஒயர் மாட்டிய முனைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

“இது என்னாண்ணே?”

“எது?”

“இந்தத் துண்டு ஒயரு.”

“அது லூப்புடி. எல்லாரும் போடறதுதான். கருப்பு நியூட்ரலும் எர்த்தும் கடைசில மண்ணுக்குத்தானே போவுது. ரெண்டும் ஒண்ணுதான்.”

ரெண்டும் ஒண்ணு இல்லை என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். பொய் சொல்லும்போது ரிஸ்வான் கீழுதட்டை உள்ளே மடித்துக்கொள்வான். சின்ன வயதில் பரீட்சை மார்க்கை உம்மாவிடம் மறைத்தபோதும் அப்படித்தான். தகரத்தில் மழை மறுபடி வலுத்தது. கூரையின் மூலையில் அந்த வயர்மேன் முறுக்கிச் சுற்றிய ஜாயிண்டு டேப்போடு தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்தாள்.

“அண்ணே, அன்னைக்கி வுட்டுப்போனது கருப்பா சிவப்பா?”

அவன் கீழே வைத்த கட்டரைக் கையில் எடுத்தான்.

“கருப்பு மேல வுட்டுப்போச்சுன்னா, சிவப்புல வர்ற கரண்டு மெஷினுக்குள்ள போயி, திரும்ப வழியில்லாம எங்கண்ணே நிக்கும்?”

“ஷமி, எனக்கு நேரமாவுது.”

“இந்தத் துண்டு ஒயரு வழியா மெஷின் ஒடம்புக்குத்தானே வரும்?”

“அப்புடிலாம் எப்பயாச்சும்...”

“கருப்ப கழட்டு,” என்றாள் ஷமீனா.

“என்னாது?”

“மெயின்ல கருப்ப கழட்டி டேப்பு சுத்திட்டு மெயின போடு. மெஷின் சுவிட்சு ஆன்லயே இருக்கட்டும். நான் மாமிய கூட்டியாறன்.”

“மாமி எதுக்குடி?”

அவள் அதற்குள் போய்விட்டாள். ஜொஹரா பீவி கால்வலியோடு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கொட்டகை வாசலில் வந்து நின்றார். ஷமீனா அவருக்குக் காய்ந்த பலகையைப் போட்டு, ரப்பர் செருப்பைக் கழற்ற வேண்டாம் என்றாள். ரிஸ்வான் தலையைக் குனிந்தபடி கருப்பு ஒயரைக் கழற்றிச் சுற்றிவிட்டு மெயினைப் போட்டான். மெஷின் ஓடவில்லை. பல்பு எரியவில்லை. மூலையில் இருந்த ஃபேனும் அசையவில்லை.

“மாமி, இப்ப இங்க கரண்டு இருக்கா?”

“எங்க இருக்கு? ஒண்ணும் ஓடலியே.”

“உள்ள வூட்டுல?”

ஜொஹரா பீவி திரும்பிப் பார்த்தார். “அங்க ஃபேன் ஓடுது.”

“அண்ணே, டெஸ்டர மெஷின் மேல வை.”

ரிஸ்வான் வைத்தான். எவர்சில்வர் குண்டானின் விளிம்பில் டெஸ்டரின் நுனி பட்டதும், அதன் கைப்பிடிக்குள் சின்னதாக ஒரு சிவப்பு வெளிச்சம் எரிந்தது. இருட்டிக்கிடந்த கொட்டகைக்குள் அந்த ஒன்று மட்டும்தான் எரிந்தது.

ரிஸ்வான் டெஸ்டரை எடுத்து மறுபடி வைத்தான், மறுபடி எரிந்தது.

“யா அல்லாஹ்,” என்றார் ஜொஹரா பீவி. “அப்ப அந்தப் பொண்ணு சொன்னது...”

“நெசம் மாமி. கரண்டு இல்லாதப்பதான் அடிச்சிருக்கு.”

ரிஸ்வான் மெயினை அணைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தான். ஷமீனாவுக்கு அவனை உலுக்க வேண்டும்போலவும் இருந்தது, அவன் ஈரத்தலையைத் துவட்டிவிட வேண்டும்போலவும் இருந்தது. இந்த மெஷினில்தான் அவள் தினமும் கை வைத்தாள். அந்த ஜாயிண்டு பிடித்துக்கொண்டிருந்ததால்தான் இப்போது நின்று பேசிக்கொண்டிருக்கிறாள்.

“ஏண்ணே இப்புடி பண்ண?”

“வாசல்ல இருக்கிற எர்த்து குழிலேர்ந்து இங்க வரைக்கும் ஒயரு இழுக்கணும்னா தரைய ஒடைக்கணும். அப்பதான் புதுசா டைல்ஸு ஒட்டியிருந்தீங்க. கொல்லையில தனியா ஒரு குழி தோண்டலாம்னா மழை புடிச்சிக்கிச்சி. சிதம்பரத்துல வேற ஒரு வேல நின்னுகிட்டிருந்துது. அப்புறமா வந்து போட்டுக்கலாம்னு...” அவன் கையிலிருந்த டெஸ்டரைப் பார்த்தான். “மெஷின் ஓடுச்சி, லைட்டு எரிஞ்சுது. மறந்துட்டன் ஷமி. ஒன் வூட்டுக்கு நான் வேணும்னா செய்வனா?”

“வேணும்னு செய்யல. ஆனா செஞ்சிருக்க.” அவள் டார்ச்சை அணைத்தாள். “வா, ஜெயராணிக்கா வூட்டுக்குப் போவணும். நீ சொல்றியா, நான் சொல்லவா?”

“நானே சொல்றன்.”

“நானும் வர்றன்,” என்றார் ஜொஹரா பீவி.

“மழையில நீங்க எதுக்கு மாமி? முட்டி வலி வேற.”

“தெருவுல வெச்சுதானே அவள பொய்யின்னு சொன்னேன்? தெருவுல வெச்சே இல்லன்னு சொல்லணும். கொடைய எடு.”

ஜெயராணியின் ஓட்டு வீடு வெள்ளாற்றுக்குப் போகும் சாலையில் இருந்தது. ஆற்றில் செம்மண் கலந்த வெள்ளம் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அவள் வாசல் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, முறத்தை மடியில் சாய்த்து, இடது கையால் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மூணு பேரும் ஒன்றாக வருவதைப் பார்த்து எழுந்திருக்கப் போனாள். ரிஸ்வான் அவளை உட்காரச் சொல்லிவிட்டு மழையிலேயே நின்றான். என்ன செய்தான், எங்கே செய்தான், அதனால் எப்படி அவள் கை முறிந்தது என்பதை எதையும் மறைக்காமல் சொன்னான். சொல்லும்போது கீழுதட்டை மடிக்கவில்லை என்பதை ஷமீனா கவனித்தாள்.

ஜெயராணி கேட்டுக்கொண்டே ரெண்டு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தாள்.

“நான் அன்னைக்கே சொன்னேனே தம்பி.”

“ஆமாக்கா.”

“நான் சொன்னப்ப ஒருத்தரும் கேக்கல. இப்ப டெஸ்டரு சொல்லுதுன்னு வந்திருக்கீங்க.”

அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஜொஹரா பீவி குடையைத் தாழ்த்திவிட்டுக் குரலை உயர்த்தினார்.

“எல்லாரும் கேட்டுக்குங்க. இவ சுவிட்ச தொடல. மெஷின்லதான் கோளாறு. எங்க வேலையிலதான் தப்பு. இவ சொன்னது நெசம், நான் பேசினதுதான் பொய்.” பிறகு தணிந்த குரலில், “மன்னிச்சுக்கடியம்மா. வாய் நீளம் எனக்கு,” என்றார்.

ஜெயராணியின் கண் நிறைந்தது. அதை இடது தோளில் துடைத்துக்கொண்டு, “நனையாதீங்க பெரியம்மா, உள்ள வாங்க,” என்றாள். கை சரியாகும்வரை அவள் சம்பளம் நிற்காது என்று ஷமீனா சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

“வேலைக்கு எப்பக்கா வருவ?” என்று ஷமீனா தயங்கிக் கேட்டாள்.

“மண்ணுக்குள்ள என்னாத்த பொதைக்கிறீங்கன்னு என் கண்ணால பாக்கணும். பாத்துட்டு சொல்றன்.”

ரிஸ்வான் அன்றைக்குக் கடலூர் போகவில்லை. கடையைப் பூட்டச் சொல்லி போன் பண்ணிவிட்டு, குழாயும் செம்புக் கம்பியும் பச்சை ஒயரும் அடுப்புக்கரியும் மூட்டை உப்பும் வாங்கி வந்தான். கொட்டகைக்குப் பின்னால் கடப்பாரையைப் போட்டான். களிமண் கடப்பாரையை விடாமல் கவ்வியது. இடுப்பளவு தோண்டுவதற்குள் ஊற்று சுரந்தது. ஷமீனா வாளியால் இறைத்து ஊற்றினாள். ஜெயராணி தலையில் பாலிதீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு, ஒரு பழைய அண்டாவைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து பார்த்தாள்.

“இன்னும் ஆழமா போ தம்பி. கால் கழுவுற குழி மாதிரி இருக்கு.”

“போறன்க்கா.”

“உப்பு எதுக்கு? ஊறுகாயா போடப்போற?”

“கரியும் உப்பும் சுத்திப் போட்டா மண்ணு ஈரமாவே இருக்கும்க்கா. கரண்டு கசிஞ்சா நம்ம ஒடம்பத் தேடி வராம இது வழியா ஓடிப்பூடும்.”

“அப்ப நெறையா போடு.”

ஷமீனாவுக்குப் பல நாட்களுக்குப் பிறகு சிரிப்பு வந்தது. ரிஸ்வானும் சேற்றுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். குழாயை இறக்கி, கரியும் உப்புமாக அடுக்கி மூடினார்கள். அங்கிருந்து புது ஒயர் சுவர் வழியாக உள்ளே வந்தது. சாக்கெட்டில் இருந்த துண்டு ஒயரைப் பிடுங்கி எறிந்தான். கூரை ஜாயிண்டை வெட்டிவிட்டு நடுவில் முடிச்சே இல்லாத ஒரே ஒயராக இழுத்தான். மெஷினுக்கு, சாக்கெட்டுக்கு, மூணு சென்சாருக்கும் தனித்தனியாகப் பச்சை ஒயர் கொடுத்தான். மெயினுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சின்னப் பெட்டியும் மாட்டினான். கொஞ்சம் கசிந்தாலும் தானே விழுந்துவிடும் பெட்டி அது. முடிக்கும்போது பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு கேட்டது.

“கருப்ப கழட்டு,” என்றாள் ஜெயராணி.

ரிஸ்வான் அதேபோலக் கழற்றிச் சுற்றினான். மெயினைப் போட்டான். மெஷின் நின்றபடியே இருந்தது. குண்டானில் டெஸ்டரை வைத்தான். எரியவில்லை. சென்சாரின் இரும்பு முகத்தில் வைத்தான். எரியவில்லை. டெஸ்டர் கெட்டுப்போகவில்லையே என்று ஜெயராணி கேட்டாள். சிவப்பு ஒயரில் வைத்துக் காட்டினான், எரிந்தது. அவளுக்கு அப்போதுதான் திருப்தி.

கருப்பை மறுபடி மாட்டிவிட்டு மூணு பேரும் வெளியே வந்து நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் விளக்குகள் தாமாக அணைந்தன. ஜெயராணி இடது கையில் இடியாப்பத் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு, வாசல்படியில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு உள்ளே காலை வைத்தாள். தலைக்கு மேலே பளிச்சென்று விளக்கு எரிந்தது. அவள் மெஷின் வரைக்கும் நடந்தாள். குண்டானைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்காமல் நின்றாள்.

“நாளைக்கி புழிய முடியாது. பிசையறதுக்குப் பக்குவம் சொல்றன், வர்றன்,” என்றாள். “அவளுங்க ரெண்டு பேரையும் கூட்டியாறன்.”

ஜொஹரா பீவி எல்லாருக்கும் டீ கொண்டுவந்தார். ரிஸ்வான் கைகால் கழுவிவிட்டுப் பைக்குச் சாவியை எடுத்தான். களைப்பில் அவன் கண்கள் சிவந்திருந்தாலும் நிம்மதி தெரிந்தது. ஷமீனா அவன் எதிரில் வந்து நின்றாள். காலையிலிருந்து கேட்க நினைத்ததை இப்போதுதான் கேட்டாள்.

“அண்ணே, இந்த மாதிரி துண்டு ஒயரு வேற எங்கெல்லாம் போட்டிருக்க?”

அவன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தான். சுழல்வது நின்றது.

“அதெல்லாம் பழைய வேல ஷமி.”

“எங்கெல்லாம்?”

“பரங்கிப்பேட்டையில ரூமானா மாமி வூட்டு வாஷிங் மெஷினுக்கு. கீரப்பாளையத்துல சபாபதி சாரு மாவு மில்லுல ஒரு லைனு. அப்புறம் சிதம்பரத்துல அந்தத் தையக்கட...” ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கியது. “இப்ப போயி நான் எப்புடி அவுங்க கிட்ட சொல்றது? என் கடை பேரு என்னா ஆவறது?”

“ஜெயராணிக்கா கிட்ட சொன்ன மாதிரிதான். சொன்னல்ல? செத்தா பூட்ட?”

ரிஸ்வான் வாசலைப் பார்த்தான். கடப்பாரை இன்னும் சேறு வழிய சுவரில் சாய்ந்திருந்தது. “காலையில போறன்,” என்றான்.

“எந்த வூட்டுக்கு மொதல்ல?”

“பரங்கிப்பேட்டை. அங்க சின்ன புள்ளைங்க இருக்கு.”

ஷமீனா போனை எடுத்தாள். அவன் வேண்டாம் என்று சொல்லிவிடுவானோ என்று ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு ஜொஹரா பீவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அஸ்ஸலாமு அலைக்கும் மாமி, நான் புவனகிரி ஷமீனா பேசறன். எல்லாரும் சொகம்தான், அல்ஹம்துலில்லாஹ். மாமி, ஒங்க வாஷிங் மெஷின பிளக்கோட கழட்டி வெச்சிடுங்க. இல்ல மாமி, இப்பயே. நான் லைன்லயே இருக்கன், கழட்டிட்டு வாங்க. காலையில அண்ணன் வரும். வந்து என்னா ஏதுன்னு அதுவே சொல்லும்.”

போனின் மறுமுனையில் ரூமானா மாமி யாரையோ கூப்பிட்டு பிளக்கை இழுக்கச் சொல்வது கேட்டது. இழுத்தாச்சு என்று அவர் வந்து சொல்லும்வரை ஷமீனா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.